வெளியே 38 டிகிரி, உள்ளே ஸ்வெட்டர்: ஆபீஸ் ஏ.சி.யில் எங்கே தப்பு நடக்கிறது?

மே மாதம், மதியம் இரண்டு மணி. ஓ.எம்.ஆரில் டூவீலரை நிறுத்திவிட்டு லிஃப்ட் வரை நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் முதல் பத்து நிமிடம் சொர்க்கம். அரை மணி நேரத்தில் விரல்கள் சில்லிடுகின்றன. ஒரு மணி நேரத்தில், நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டரோ ஷாலோ தோளுக்கு வந்துவிடுகிறது. டீ பிரேக் என்று வெளியே போவதே பலருக்குக் கொஞ்சம் சூடு ஏற்றிக்கொள்ளத்தான்.

அதே தளத்தில், மேற்குப் பக்கக் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்திருப்பவரின் கதை வேறு. 'இங்க ரொம்ப ஹீட்டா இருக்கு, ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டுங்க' என்று ஃபெசிலிட்டி டீமுக்கு அவர் மெயில் போட்டுக்கொண்டிருக்கிறார். சுவரில் இருக்கும் பெட்டி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது: 22.

இந்தச் சண்டை இல்லாத ஆபீஸே இல்லை. 'உனக்குக் குளிர் தாங்காது', 'உனக்கு எப்பப் பார்த்தாலும் வேர்க்குது' என்று ஆளுக்கு ஆள் குறை சொல்லிக்கொள்வதோடு அது முடிந்துவிடுகிறது. உண்மையில் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். தப்பு அந்த 22-ல் இருக்கிறது. அது காற்றின் வெப்பநிலையை மட்டும் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதர் எப்படி உணர்கிறார் என்பதைச் சொல்வதில்லை. நம் ஊர் அலுவலகங்கள் இந்த ஒற்றை எண்ணைத் துரத்திக்கொண்டு கரன்ட்டையும் செலவழித்து, ஊழியர்களையும் நடுங்கவிடுகின்றன. இதற்கு மாற்று இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கட்டடம் சாட்சியாக நிற்கிறது.

உடம்பு எதை வைத்துக் குளிரை உணர்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பம் வெளியேறிக்கொண்டே இருந்தால் நிம்மதி. தேங்கினால் புழுக்கம். தேவைக்கு மேல் வேகமாகப் போனால் நடுக்கம்.

வெப்பம் வெளியேற மூன்று முக்கிய வழிகள் உண்டு. தோலைத் தொட்டுச் செல்லும் காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வியர்வை ஆவியாகும்போது கொஞ்சம் போகும். மூன்றாவது வழிதான் பலரும் யோசிக்காதது: கதிர்வீச்சு. சுற்றியுள்ள சுவர், கூரை, தரை, கண்ணாடி ஆகியவற்றோடு உடல் நேரடியாக வெப்பத்தைக் கொடுத்து வாங்குகிறது. நடுவில் காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மூடிய அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் இழக்கும் வெப்பத்தில் பெரும் பங்கு இந்த வழியில்தான் போகிறது.

புரியவில்லையா? மொட்டைமாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருந்தவர்களைக் கேளுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவு பதினோரு மணிக்கும் அனலை இறக்கும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும், வெளிக்காற்று இதமாகவே வரும். ஆனாலும் தூக்கம் வராது. அதற்கு நேர் எதிர், கோடை நண்பகலில் ஒரு கோயில் கல்மண்டபத்துக்குள் நுழையும் அனுபவம். அங்கே ஏ.சி. கிடையாது. தடித்த கல் குளிர்ந்திருக்கிறது. உடம்பின் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது.

டென்மார்க் விஞ்ஞானி பி.ஓ. ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட தன் ஆய்வு நூலில் இதையெல்லாம் ஒரு சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். ஒருவருக்கு இதமாக இருக்கிறதா என்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் உடை, உடல் செய்யும் வேலை. உலகம் முழுக்கக் கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் தரநிலைகள் இந்த ஆறின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மோஸ்டாட், ஆறில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்ற ஐந்தையும் மறந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. காற்று அதிகம் வீசாத அறையில், ஒருவர் உணரும் வெப்பநிலை என்பது ஏறக்குறைய காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலைக்கும் சராசரி. வெயில் அடிக்கும் கண்ணாடி ஓரம், காற்று 22 டிகிரி, பரப்புகள் சராசரியாக 28 டிகிரி என்றால், அங்கே இருப்பவர் உணர்வது 25. இன்னொரு அறையில் காற்று 26 டிகிரி, ஆனால் கூரையும் சுவரும் சேர்ந்து சராசரி 23 என்றால், உணர்வது 24.5. அதாவது, 26 டிகிரி அறை 22 டிகிரி அறையைவிடக் குளுமையாக இருக்க முடியும்! கண்ணாடி ஓரத்துக்காரர் பொய் சொல்லவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

யாருக்குப் போட்ட கணக்கு இது?

கண்ணாடி ஓரத்துக்காரர் சரி. ஷால் போர்த்தியவர்?

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபாங்கர் வழிவந்த தரநிலைகளில் உடல் உற்பத்தி செய்யும் வெப்பத்துக்கான அளவு, 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை வைத்துப் போடப்பட்டது என்றும், பெண்களின் உடல் வெப்ப உற்பத்தியை அது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டலாம் என்றும் அதில் சொன்னார்கள். உடல் தராத வெப்பத்தைத் தருவதாக எண்ணிக்கொண்டு அறையைக் குளிரவைத்தால், நடுக்கம்தான் மிச்சம்.

இது வெறும் அசௌகரியம் மட்டும்தானா? 2019-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பெர்லினில் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் தேர்வு எழுதவைத்தது. அறையின் வெப்பம் கூடக்கூட கணக்கிலும் மொழித் தேர்விலும் பெண்களின் மதிப்பெண் உயர்ந்தது. ஆண்களின் மதிப்பெண் குறைந்தது, ஆனால் அந்தச் சரிவு பெண்கள் பெற்ற உயர்வைவிடச் சிறியது. ஜெர்மனியில், மாணவர்களிடம் நடந்த ஒற்றை ஆய்வு இது. சென்னை ஆபீஸுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும், 'ஷால் போட்டுக்கோ, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று கடந்துபோகிற விஷயம் இல்லை என்பதை அது காட்டுகிறது. அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்பவர் தன் வேலைத்திறனில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு குளிர் ஏன் தேவைப்படுகிறது?

யாரும் வேண்டுமென்றே ஊழியர்களை நடுங்கவைப்பதில்லை. பிரச்சினை, வழக்கமான ஏ.சி. வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

வெப்பமண்டல நகரத்தில் ஏ.சி.க்கு இரண்டு வேலை. ஒன்று, சூட்டைக் குறைப்பது. இன்னொன்று, காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பது. இரண்டையும் ஒரே இயந்திரத்தை வைத்து, ஒரே வழியில் செய்கிறோம்: காற்றை நன்றாகக் குளிரவைப்பது. ஈரம் தண்ணீராக மாறி வடிய வேண்டுமென்றால், காற்றைச் சுமார் 12, 13 டிகிரி வரை இறக்க வேண்டும். அதற்காகப் பெரிய கட்டடங்களின் சில்லர்கள் 6, 7 டிகிரி தண்ணீரை ஓயாமல் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. அப்படிக் குளிர்ந்த காற்று நேராக ஒருவரின் தலைக்கு மேலே இருக்கும் துவாரத்திலிருந்து இறங்கினால் என்ன ஆகும்? ஸ்வெட்டர்தான்.

இதோடு கண்ணாடியும் சேர்ந்துகொள்கிறது. நாலா பக்கமும் கண்ணாடி போர்த்திய கட்டடம் போட்டோவில் அழகாக இருக்கும். சென்னை வெயிலில் அது ஒரு சோலார் அடுப்பு. உள்ளே வந்த வெயிலை வெளியேற்ற இன்னும் கூடுதல் குளிர்காற்றைக் கொட்ட வேண்டும். கண்ணாடி ஓரம் இருப்பவருக்கு அது போதாது. நடுவில் இருப்பவருக்கு அதுவே அதிகம்.

இந்தக் குளிருக்கு விலை உண்டு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்றைய நிலவரப்படி அதுவே உச்சம். கோடையில் தேவை இப்படி எகிறுவதற்கு ஏ.சி.க்கள் முக்கியக் காரணம். நாட்டின் ஒட்டுமொத்தக் குளிரூட்டல் தேவை 2017-18-ல் இருந்ததைவிட 2037-38-க்குள் சுமார் எட்டு மடங்காகும் என்று 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டமே மதிப்பிட்டிருக்கிறது. உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை ஏ.சி. தெருவில்தான் கொட்டுகிறது. அந்தத் தெருவில் செக்யூரிட்டி நிற்கிறார், டெலிவரி ஊழியர் பார்சலோடு காத்திருக்கிறார். உள்ளே ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதற்காக, வெளியே இன்னொருவர் கூடுதலாக வேர்க்கிறார்.

ஹைதராபாத்தில் ஒரே கட்டடம், இரண்டு பாதி

மொட்டைமாடிக் கூரை இரவில் நம்மேல் அனலை இறக்குகிறது அல்லவா? அதே கூரையைக் குளிரவைத்தால், அது நம் சூட்டை வாங்கிக்கொள்ளும். 'ரேடியன்ட் கூலிங்' என்று சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான். கான்கிரீட் தளத்துக்குள்ளோ கூரைப் பலகைகளுக்குப் பின்னாலோ குழாய்களைப் பதித்து, குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுவது. தமிழில் கதிர்வீச்சுக் குளிரூட்டல் என்று சொல்லலாம். அணு உலைக் கதிர்வீச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பயப்பட வேண்டாம்.

இதில் தண்ணீர் 6 டிகிரிக்குப் போக வேண்டியதில்லை. 14 முதல் 18 டிகிரி போதும். தண்ணீரை அந்த அளவுக்கு மட்டும் குளிரவைக்க, சில்லருக்குக் குறைவான கரன்ட் போதும். வெப்பத்தைத் தூக்கிச் செல்வதிலும் காற்றைவிடத் தண்ணீர் கில்லாடி. ஒரே கனஅளவு எடுத்துக்கொண்டால், காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். ராட்சத விசிறிகளும் அகலமான டக்டுகளும் செய்யும் வேலையை, விரல் தடிமன் குழாய்களும் ஒரு பம்பும் செய்துவிடும்.

எல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, நம் ஊரில் நடக்குமா? இந்தக் கேள்விக்கு இன்ஃபோசிஸ் நிறுவனம் ஹைதராபாத் அருகே போச்சாரம் வளாகத்தில் நேரடியாகப் பதில் தேடியது. 2011-ல் பயன்பாட்டுக்கு வந்த, சுமார் 2.5 லட்சம் சதுர அடி அலுவலகக் கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி வேலை. ஒரு பாதியில் வழக்கமான சென்ட்ரல் ஏ.சி.; அதுவும் ஏனோதானோ என்று இல்லாமல் நன்றாகத் திட்டமிட்டுப் போட்டது. இன்னொரு பாதியில் ரேடியன்ட் கூலிங்.

முடிவு 2014-ல் 'ஆஷ்ரே ஜர்னல்' இதழில் வெளியானது. முதல் ஆண்டில் குளிரூட்டலுக்கு மட்டும் வழக்கமான பாதி ஒரு சதுர மீட்டருக்கு 38.7 யூனிட் செலவழித்தது. ரேடியன்ட் பாதி செலவழித்தது 25.7 யூனிட். கிட்டத்தட்ட 34 சதவீதம் குறைவு. கட்டுமானச் செலவு? இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ரேடியன்ட் பாதி துளி குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஊழியர்களிடம் கேட்டதில், ரேடியன்ட் பாதியில் இருந்தவர்களே அதிகத் திருப்தியோடு இருந்தார்கள்.

கரன்ட் குறைவு, செலவு கூடவில்லை, ஆட்களுக்கும் பிடித்திருக்கிறது. இது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பிறகும் கண்ணாடிப் பெட்டிகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

சென்னையில் கூரை வேர்க்காதா?

நியாயமான சந்தேகம். ஹைதராபாத் வேறு, சென்னை வேறு. ஐஸ் வாட்டர் டம்ளரை மேஜையில் வைத்தால் வெளிப்பக்கம் தண்ணீர் கோத்துக்கொள்ளும். குளிர்ந்த கூரையும் அதே மாதிரி வேர்த்து, லேப்டாப்பின் மேல் சொட்டாதா?

கவனிக்காமல் விட்டால் சொட்டும். வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 27 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் ஈரம் படியத் தொடங்கும். அந்தக் காற்று அப்படியே உள்ளே வந்தால் ரேடியன்ட் கூரை குளியலறைக் கண்ணாடியாகிவிடும். ஆனால் உள்ளே 26 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் என்று காற்றை உலர்த்திவைத்தால், ஈரம் படியும் புள்ளி 16 டிகிரிக்கு இறங்கிவிடும். கூரையை அதற்கு மேலே வைத்துக்கொண்டால் ஒரு சொட்டு விழாது.

ஆக, ரகசியம் இரண்டு வேலையையும் பிரிப்பதில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் புதிய காற்றை மட்டும் தனி இயந்திரம் ஒன்று உலர்த்தி உள்ளே அனுப்பும். சூட்டைக் கூரை பார்த்துக்கொள்ளும். காலையில் ஆபீஸ் திறக்கும்போது முதலில் காற்றை உலர்த்திவிட்டு, பிறகுதான் குழாயில் தண்ணீரை விட வேண்டும். ஈரப்பதம் எகிறினால் தண்ணீரை நிறுத்தச் சென்சார் வேண்டும். கதவும் ஜன்னலும் ஓட்டை இல்லாமல் மூட வேண்டும். திறந்த ஜன்னல், உடைந்த சென்சார், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற பராமரிப்பு மூன்றும் சேர்ந்தால் இந்தத் தொழில்நுட்பம் தோற்கும்.

சென்னையைப் போலவே வேர்த்துக் கொட்டும் ஊர்களில் இது ஓடிக்கொண்டும் இருக்கிறது. 2006-ல் திறக்கப்பட்ட பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்கு அடியில் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. மலேசியாவின் புத்ரஜெயாவில் 2010-ல் கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத் தலைமையகமான 'டயமண்ட் கட்டடம்', கான்கிரீட் தளங்களை இரவில் குளிரவைத்துப் பகலில் அந்தக் குளுமையைப் பயன்படுத்துகிறது. இன்னொரு படி மேலே போனது சிங்கப்பூர். அங்கே 2018-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 'கோல்ட் டியூப்' என்ற திறந்தவெளிப் பந்தலை அமைத்தார்கள். சுவரில் குளிர்ந்த பலகைகள். அவற்றின்மேல் ஈரக்காற்று படாமல் தடுத்து, வெப்பக் கதிரை மட்டும் அனுமதிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. சுற்றிலும் காற்று சுமார் 30 டிகிரியில் இருக்கும்போதே, உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் இதமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஏ.சி. காற்று ஒரு துளி இல்லாமல்!

அப்புறம் ஏன் பரவவில்லை?

தொழில்நுட்பம் தயார் என்றால் தடை வேறு எங்கோ இருக்கிறது. முதல் தடை, பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதில். கட்டடத்தைக் கட்டுபவர் ஒருவர். மாதாமாதம் மின்கட்டணம் கட்டுபவர் வாடகைக்கு வரும் நிறுவனம். கட்டுபவருக்கு முகப்பு பளபளப்பாக இருந்தால் போதும். 34 சதவீத மிச்சம் அவர் கணக்கில் வரப்போவதில்லை. ஹைதராபாத் பரிசோதனை நடந்ததற்குக் காரணமே, கட்டியவரும் கரன்ட் பில் கட்டுபவரும் ஒரே ஆளாக இருந்ததுதான்.

இரண்டாவது தடை, பயம். 'ஏ.சி. பத்தலை' என்ற புகார் வந்தால் ஃபெசிலிட்டி மேனேஜருக்கு டோஸ் விழும். 'குளிருது' என்றால் ஷால் போடச் சொல்லிவிடலாம். அதனால் எண் எப்போதும் கீழேயே இருக்கும். புதிதாக எதையாவது முயன்று கூரை வேர்த்துவிட்டால், வடிவமைத்த கன்சல்டன்ட்டின் பெயர் கெடும். பழையதைத் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது, கௌரவம். நம் ஊரில் 'ஜில்லுன்னு' இருப்பது வசதியின் அடையாளம். ஃபேன் சுற்றினால் அரசு அலுவலகம், நடுங்கினால் எம்.என்.சி. என்றொரு மனக்கணக்கு. மே மாதத்தில் கோட் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்காரவும் அந்தக் குளிர் தேவைப்படுகிறது. ஜப்பான் 2005-ல் இதைத்தான் முதலில் உடைத்தது. 'கூல் பிஸ்' என்ற பெயரில், கோடையில் டையையும் கோட்டையும் கழற்றுங்கள், அலுவலகத்தை 28 டிகிரியில் வையுங்கள் என்று அந்த நாட்டு அரசே பிரசாரம் செய்தது. 28 எல்லோருக்கும் ஒத்துவருமா என்பது வேறு விவாதம். உடையும் அந்த ஆறு விஷயங்களில் ஒன்று என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

20-ஆ, 28-ஆ என்பதல்ல கேள்வி

2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற ரூம் ஏ.சி.க்களை ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று இந்தியாவில் விதி இருக்கிறது. 2025 ஜூனில், ஏ.சி.யின் அளவை 20-க்குக் கீழேயும் 28-க்கு மேலேயும் போகவிடாமல் கட்டுப்படுத்தும் திட்டத்தை மத்திய அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார். உடனே சமூக ஊடகங்களில் மீம்ஸ் பறந்தன. 'எங்க வீட்டு ரிமோட்டுலயும் கை வைக்கிறாங்களா?' என்று கோபம்.

ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பு சொல்வதால், அறிவிப்பின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது மீண்டும் அதே ஒற்றை எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் எண்ணை மட்டும் ஏற்றினால் அவர் வேகத்தான் செய்வார். கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் தடுப்பு வைத்து, தலைக்கு மேலே ஒரு ஃபேனைச் சுற்றவிட்டு, காற்றை உலர்த்திக் கொடுத்தால், 26-ல் அவரே புகார் சொல்லமாட்டார். விதி போட வேண்டிய இடம் ரிமோட் அல்ல, கட்டட வரைபடம்.

இந்தியர்களுக்கு எது இதம் என்பதற்கு நம்மிடமே தரவும் இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,000-க்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டினார்கள். ஜன்னல், ஃபேன், ஏ.சி. மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அலுவலகங்களில், வெளியே நிலவும் வெப்பத்தைப் பொறுத்து 21.5 முதல் 28.7 டிகிரி வரை மக்களின் இதமான அளவு மாறுகிறது என்று கண்டார்கள். வெயிலுக்குப் பழகிய உடம்பு, வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையே விரும்புகிறது. 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இந்த ஆய்வு சேர்க்கப்பட்டும் விட்டது. ஆனாலும் அலுவலக வாடகை ஒப்பந்தங்களில் வருடம் முழுக்க ஒரே எண்தான் எழுதப்படுகிறது.

என்ன செய்யலாம்?

ரேடியன்ட் கூலிங் ஒரு மந்திரக்கோல் இல்லை. ஏற்கெனவே நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தின் கான்கிரீட்டுக்குள் இனிமேல் குழாயைச் செருக முடியாது. கூரைப் பலகைகளை மாட்டலாம். ஆனால் வெயிலை முழுதாக உள்ளே விடும் கட்டடத்தில் அவற்றால் சமாளிக்க முடியாது. அவை உறிஞ்சும் வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. நிழல் முதலில், குழாய் அப்புறம்.

பழைய கட்டடங்களில் பெரிய செலவில்லாமல் தொடங்கலாம். வெயில் படும் பக்கம் நிழல் தடுப்பு. 22-ஐ மெதுவாக 25, 26-க்கு ஏற்றி, கூடவே ஃபேன். தலைக்கு மேல் நேராக இறங்கும் காற்றுத் துவாரங்களின் திசையை மாற்றுவது. மிக முக்கியமாக, ஊழியர்களிடம் கேட்பது: 'உங்க சீட்ல எப்படி இருக்கு?' என்று ஒரே ஒரு கேள்வி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கம்பெனிகள் கேன்டீன் சாப்பாட்டுக்கு ஃபீட்பேக் வாங்குகின்றன. எட்டு மணி நேரம் உட்காரும் இடத்துக்கு வாங்குவதில்லை. எவ்வளவு சரியாகச் செய்தாலும் 100-ல் 5 பேராவது குறை சொல்வார்கள் என்று ஃபாங்கரின் சூத்திரமே சொல்கிறது. அந்த 5 பேரின் இடத்தை மாற்றிக் கொடுக்கலாம். பாதித் தளமே ஷால் போர்த்தியிருந்தால் அது 5 பேர் பிரச்சினை இல்லை.

புதிய கட்டடங்களுக்கு வாடகை ஒப்பந்தத்தில் '22 டிகிரி' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். உணரும் வெப்பநிலை, ஈரப்பதம், சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற மூன்றையும் எழுதினால், கட்டுபவர் கண்ணாடியைப் பற்றி இரண்டு முறை யோசிப்பார். பெரிய அலுவலகக் கட்டடம் ஒவ்வொன்றும் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவழிக்கிறது என்பதை வாசலில் ஒட்டவைக்க அரசு ஒரு விதி போடலாம். ஃப்ரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்கிறோம். பல ஆயிரம் பேர் வேலை செய்யும் கட்டடத்துக்கு அது வேண்டாமா?

அடுத்த முறை புது ஆபீஸுக்கு இடம் பார்க்கப் போகும் நிறுவனங்கள், மதியம் மூன்று மணிக்குப் போகட்டும். மேற்குப் பக்கக் கண்ணாடி ஓரம் ஒரு நாற்காலியைப் போட்டு அரை மணி நேரம் உட்காரட்டும். பிறகு தளத்தின் நடுவில், காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே அரை மணி நேரம். இரண்டு இடத்திலும் சட்டைக் கையை ஏற்றவோ இறக்கவோ தோன்றவில்லை என்றால், தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.